கோணக் கல்லூரியின் மேற்குச் சுவர்

786

உத்தமபாளையம்
17.4.2006

எதிர்த்தரப்பு மகள் சாதியாவுக்கு அத்தா ஜெய்லானி எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நீ அனுப்பிய ரிஜிஸ்தர் தபால் கிடைத்தது. கிடைத்த லட்சணத்தைக் கேள்.

காலையில் குருசாமி டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். தபால்காரர் தங்கபாண்டி சைக்கிளை நிறுத்தி, "பாய், சென்னையிலருந்து ரிஜிஸ்தர், ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றார். சென்னையில் நமக்கு இருப்பது நீ ஒருத்திதான். உறையைப் பார்த்தால் கெட்டித்தாள், டைப் அடித்த விலாசம். மகளுக்குப் பெரிய உத்தியோகம் கிடைத்துவிட்டது, இல்லையென்றால் மெடல் ஏதோ வாங்கியிருக்கிறாள் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். "குருசாமி, இருக்கவுக எல்லாருக்கும் டீயக் குடு, வடையும் குடு. என் மக லெட்டர் போட்டிருக்கா" என்று ஒரு சத்தம் கொடுத்தேன். பிரித்தால் உள்ளே இங்கிலீஷ். என் இங்கிலீஷ் பியூசியோடு நின்றுபோனது உனக்குத் தெரியும். பக்கத்தில் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் வேலுச்சாமி சார் இருந்தார். அவர் கையில் கொடுத்து, "சத்தமா வாசிச்சுத் தமிழ்ல சொல்லுங்க சார், எல்லாரும் கேக்கட்டும்" என்றேன்.

அவர் நாலு வரி மனசுக்குள் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "பாய், இத வீட்டுல போயி வாசிப்பமா?"

"அட, என்னாத்துக்கு சார் வெக்கம்? நம்ம பிள்ளைதான, வாசிங்க."

வாசித்தார். "கல்லூரியின் பழைய கட்டடத்தைச் சட்டவிரோதமாக இடிக்க முனைந்துள்ள பொன்விழாக் குழுச் செயலாளராகிய தாங்கள், பதினைந்து நாளுக்குள் பதில் தராவிட்டால், என் கட்சிக்காரர் சாதியா..." கடையில் வடை மெல்லும் சத்தம்கூட நின்றுவிட்டது. கடைசியில் குருசாமிதான் வாயைத் திறந்தான்: "பாய், இதுக்குத்தான் வடையா?"

ஊரில் எத்தனையோ அத்தாமார் மகள் கடிதத்துக்கு அழுதிருப்பார்கள். மகளுடைய வக்கீல் நோட்டீஸுக்கு வடை வாங்கிக் கொடுத்தவன் நான் ஒருவன்தான்.

இந்தப் பொன்விழா வருசத்தில், கல்லூரியின் பழைய கோணக் கட்டடத்தை எடுத்துவிட்டு ரோட்டைப் பார்த்து நேராக மூன்று மாடி எழுப்புவது என்று குழு முடிவு செய்திருக்கிறது. தலைவர் வைகுண்டராஜ் தன் தாயார் பெயரில் கட்டித் தருகிறேன் என்கிறார். இதில் உனக்கு என்ன வந்தது? கேட்பதைப் போனில் கேள். நாலு தடவை அடித்தும் நீ எடுக்கவில்லை.

அத்தா,
ஜெய்லானி


சென்னை
24.4.2006

பொன்விழாக் குழுச் செயலாளர் அவர்களுக்கு,

நோட்டீஸ் போனது செயலாளருக்கு. பதில் வந்தது டீக்கடையிலிருந்து. வடைக் கதையை என் வக்கீலிடம் காட்டினேன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

போனில் ஏன் பேசவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். போனில் பேசினால் நீங்கள் என்னைச் சிரிக்க வைத்துவிடுவீர்கள். சிரித்து முடித்து வைத்த பிறகுதான், கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை என்பது தெரியும். சின்ன வயதிலிருந்து இப்படித்தான் நடந்திருக்கிறது. எழுத்தில் அந்த வித்தை பலிக்காது. கேள்வி தாளில் இருக்கும்.

நீங்கள் 'எடுத்துவிட்டு' என்று எழுதியிருக்கும் கட்டடத்தைப் பற்றிக் குழுவில் ஒருவருக்காவது தெரியுமா? 1954இல் தொடங்கி இரண்டு வருடத்தில் முடிந்தது. ஜன்னல் மட்டம் வரை கருங்கல், அதற்கு மேல் சுண்ணாம்புச் சாந்தில் செங்கல். கூரையில் கம்பியும் கிடையாது, சிமெண்டும் கிடையாது. வேங்கை உத்திரங்களின் மேல் செங்கலைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்பு இடித்துப் போட்ட தளம். கிழக்கே நீள வராந்தா, வளைவு வளைவாக. மேற்கே ஆள் முழங்கை நீளத்துக்கும் மேலான கனத்தில் ஒரே சுவர், அதில் ஒரு ஜன்னல்கூட இல்லை. உச்சியில் மட்டும் காற்றுத் துவாரங்கள். இந்தப் பள்ளத்தாக்கில் இதற்கு இணையாக இன்னொரு கட்டடம் கிடையாது. நான் இப்போது பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் அலுவலகத்தில்தான் வேலை செய்கிறேன். தெரிந்துதான் சொல்கிறேன்.

ஒரே கேள்வி. இடிக்கும் தீர்மானத்தில் நீங்கள் ஏன் கையெழுத்துப் போட்டீர்கள்? எழுத்தில் பதில் தேவை.

சாதியா


786

உத்தமபாளையம்
2.5.2006

சாதியாவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதத்தில் ஸலாம் இல்லை. அதையும் போட வேண்டாம் என்று வக்கீல் சொன்னாரா?

உன் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். மெகருன்னிசா கேட்டாள், "எம்மக நல்லா இருக்காளாமா?" கருங்கல்லும் வேங்கை உத்திரமும் நல்லா இருக்காம், மகளைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை என்றேன். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஏன் கையெழுத்துப் போட்டேன் என்கிறாய். பேனா கையில் இருந்தது, தாள் எதிரில் இருந்தது, தலைவர் பக்கத்தில் இருந்தார். போட்டேன்.

அந்தக் கட்டடத்தின் யோக்கியதை எனக்குத் தெரியாதா? நானும் அங்கே படித்தவன்தான். படித்தேன் என்பதைவிட நின்றேன் என்றால் சரியாக இருக்கும், பாதி நாள் வராந்தாவில்தான் நிற்க வைத்தார்கள். அதனால் வராந்தாவைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ரோடு ஒரு பக்கம் போகிறது, கட்டடம் வேறு ஒரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறது. பஸ் கண்டக்டர் எல்லாம், "கோணக் காலேஜ் எறங்கு, கோணக் காலேஜ் எறங்கு" என்று கூவுகிறான். அம்பது வருசமாக இது ஒரு கேலி.

ஏன் கோணல் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். ஆரம்பித்த கமிட்டியில் நம் ராவுத்தர்மாரும் இருந்தார்கள், வெள்ளாமை செய்யும் மார்க்கையன்கோட்டைச் சம்சாரிகளும் இருந்தார்கள். இவர் ரோட்டைப் பார்க்கட்டும் என்றாராம், அவர் கிழக்கைப் பார்க்கட்டும் என்றாராம். ரெண்டு பேருக்கும் மனசு கோணக் கூடாது என்று கட்டடத்தைக் கோணலாக்கிவிட்டார்கள் என்பது ஒரு கதை. நூல் பிடித்த கொத்தனார் முதல் நாள் ராத்திரி கள்ளுக் குடித்திருந்தார் என்பது இன்னொரு கதை. எனக்கு ரெண்டாவதுதான் நம்பிக்கை.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். மழைக்கு ஒழுகுகிறது. போன ஐப்பசியில் காரை பெயர்ந்து விழுந்தது, நல்ல வேளை, விழுந்த இடத்தில் கெமிஸ்ட்ரி வாத்தியார் இல்லை. மேற்குச் சுவர் சாய்ந்துவிட்டது என்று தலைவர் கூட்டி வந்த இன்ஜினியர் எழுதிக் கொடுத்திருக்கிறார். பிள்ளைகள் தலையில் விழுந்தால் நீ வந்து தாங்குவாயா?

அண்ணன் ஷானவாஸ் கல்யாணத்துக்கு வந்த நீ, பெறந்த வீடு இருக்க, கம்பத்தில் லாட்ஜில் தங்கினாய். சம்பந்தி வீட்டார் கேட்டதற்கு, "எம்மகளுக்கு பாத்ரூம் அட்டாச்சுடு இல்லாம ஆகாது" என்று சிரித்துச் சமாளித்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் வாயில் கசக்கிறது. பழைய கட்டடத்தின் மேல் இவ்வளவு பாசம் இருப்பவள், நம் வீடும் பழைய கட்டடம்தான் என்பதை நினைத்துப் பார்த்திருக்கலாம்.

அத்தா


சென்னை
11.5.2006

செயலாளர் அவர்களுக்கு,

பேனா கையில் இருந்தது என்பது பதில் இல்லை.

கொத்தனார் குடிக்கவில்லை. ராவுத்தருக்கும் சம்சாரிகளுக்கும் சண்டையும் இல்லை. காற்றைப் பார்த்துக் கட்டினார்கள். மேற்கு மலைக் கணவாயிலிருந்து ஆனி ஆடியில் இறங்குகிற காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ, அந்தப் பக்கத்துக்குக் கட்டடத்தின் முதுகைக் கொடுத்தார்கள். அந்த முதுகுதான் மேற்குச் சுவர். ரோட்டுக்கு நேராக வைத்திருந்தால் காற்று வராந்தாவுக்குள் புகுந்திருக்கும். 1988இல் ரோட்டைப் பார்த்து நேராகக் கட்டினார்களே சயின்ஸ் பிளாக், அதை ஆடி மாதத்தில் போய்ப் பாருங்கள். கதவுக்குக் கதவு கயிறு கட்டியிருப்பார்கள். ஒரு கண்ணாடி முழுசாக இருக்காது. பக்கத்திலேயே பழைய மண்டபத்தில் உட்கார்ந்தால் மேஜை மேல் வைத்த தாள் அசையாது.

உங்களுக்கே அது தெரியும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நீங்கள்தான் சொன்னீர்கள்: "பியூசி பரிச்ச எழுதறப்ப வெளிய மரமே முறியுற காத்து. உள்ள என் பேப்பர் பறக்கல. பறந்திருந்தா தப்பிச்சிருப்பேன். பத்திரமா திருத்துறவரு கைக்குப் போயிச் சேந்துருச்சு." அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தேன். அந்தச் சுவரைத்தான் இடிக்கக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்.

இன்னொன்று. அந்தக் கட்டடத்தில் எங்குமே ஒருவர் பெயரும் கிடையாது, கவனித்திருக்கிறீர்களா? மார்க்கையன்கோட்டையிலிருந்து வண்டி வண்டியாகக் கல் வந்தது. வருசநாட்டிலிருந்து மரம் வந்தது. கொடுத்தவர் எவர் பெயரையும் கல்லில் வெட்டக் கூடாது என்று முதல் கூட்டத்திலேயே பேசி முடித்தார்கள். படிக்க வருகிற பிள்ளை இன்னார் வீட்டுச் சுவரில் சாய்கிறோம் என்று கூசக் கூடாது என்றார்களாம். உங்கள் தலைவர் புதுக் கட்டட வாசலில் போடப்போகும் வளைவில் எத்தனை பெயர் வருகிறது?

நான் அந்தக் கட்டடத்தை எப்படித் தெரிந்துகொண்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். 1998இல் எனக்குச் சென்னையில் ஆர்க்கிடெக்சர் படிக்க இடம் கிடைத்தது. "கண்ணுக்கு எட்டுன தூரத்துல படி ஆத்தா" என்று சிரித்துக்கொண்டே சொல்லி, என்னைக் கோணக் கல்லூரியில் கணிதம் படிக்கச் சேர்த்தீர்கள். ஒரு வருடம் முழுக்க அந்த மேற்குச் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். பாடத்தைக் கவனிக்கவில்லை, சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வருடம் அம்மா பிடிவாதமாக நின்று என்னைச் சென்னைக்கு அனுப்பினார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு நீங்கள் வரவில்லை.

கேள்வி அப்படியே நிற்கிறது.

சாதியா


786

உத்தமபாளையம்
20.5.2006

சாதியாவுக்கு,

கோர்ட்டிலிருந்து சம்மன் வந்துவிட்டது. இந்த முறை நான் யாருக்கும் வடை வாங்கிக் கொடுக்கவில்லை.

பொன்விழாக் கமிட்டி கூடியது. தலைவர் வைகுண்டராஜ் என்னைப் பார்த்துப் பேசவில்லை, என் தலைக்கு மேல் இருந்த மின்விசிறியைப் பார்த்துப் பேசினார். "சிலபேரு வீட்டுல அடக்கி வக்க வேண்டியத ஊருக்குள்ள அவுத்து விட்டிருக்காக." வாழைத்தார் வியாபாரத்தில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள், மலையாளத்தில்கூடத் திட்டு வாங்கியிருக்கிறேன். இந்த மாதிரி ஒருநாளும் வாங்கியதில்லை. நான் வழக்கம்போல ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பேன் என்று எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் தீர்மானப் புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

ஒரு வருசம் படித்தவள் எப்படிப் பழைய மாணவி ஆவாள், வழக்குப் போட அவளுக்கு என்ன பாத்தியதை என்று கமிட்டி வக்கீல் கேட்கப்போகிறாராம். எனக்கு உள்ளுக்குள் ஒரு நினைப்பு ஓடியது. அந்தக் கட்டடத்தில் பட்டம் வாங்கிப் போனவர்களில் டாக்டர் இருக்கிறார், கலெக்டர் ஆபீஸ் அதிகாரி இருக்கிறார், ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. தோற்றுப்போன நானும் பாதியில் ஓடிப்போன நீயும்தான் அதற்காக அடித்துக்கொண்டு நிற்கிறோம்.

ஆனால் உன்னை விட்டுவிட மாட்டேன். ஒரு வருசம் அடைத்து வைத்தேன், அடைத்து வைத்தேன் என்று எழுதுகிறாயே, அந்த ஒரு வருசம் இல்லையென்றால் இந்தச் சுவர் உனக்கு யார்? நியாயமாகப் பார்த்தால் உன் கல்யாணப் பத்திரிகையிலும் உன் ஆபீஸ் போர்டிலும் என் பெயரைத்தான் போட வேண்டும். உன்னை ஆர்க்கிடெக்ட் ஆக்கியது நான் செய்த தடங்கல்தான்.

வாசித்துப் பார்த்தால் எனக்கே இது அழகாக இல்லை. ஆனாலும் கிழிக்கவில்லை, அனுப்புகிறேன். நீ எனக்கு அனுப்பியது மட்டும் அழகாகவா இருக்கிறது? மகள் அத்தாவைச் 'செயலாளர் அவர்களுக்கு' என்று கூப்பிடுவது எந்த ஊர் வழக்கம்? நான் கோபத்திலும் 'மகள்' என்றுதான் எழுதினேன். அதற்கு முன்னால் 'எதிர்த்தரப்பு' என்று சேர்த்தது உண்மைதான். ஆனாலும் எழுதினேன்.

உன் அம்மா என்னோடு பேசி நாலு நாள் ஆகிறது. சோறு மட்டும் வருகிறது. தட்டு வைக்கிற சத்தத்தில் நீ தெரிகிறாய்.

ஜெய்லானி


சென்னை
30.5.2006

செயலாளர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தில் என் தொழில் பற்றி எழுதிய வரியை மூன்று முறை வாசித்தேன். ஒரு பெண் தன் காலால் நடந்து போனால், தடுக்கிவிட்டவர் வந்து அந்த நடைக்குப் பெயர் கேட்கிறார். இதைத் தமாஷ் என்று இனி நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

கட்டடத்தைப் பார்த்து அறிக்கை தர, கோர்ட் ஒரு வக்கீலைக் கமிஷனராக நியமித்திருக்கிறது. ஜூன் 17, சனிக்கிழமை காலை, கட்டடத்தைப் பார்வையிட வருகிறார். இரு தரப்பும் இருக்க வேண்டும். நான் வருவேன். அளந்து காட்டிவிட்டுப் போய்விடுவேன். வீட்டுக்கு வர மாட்டேன். டிபன் கேரியரோடு வந்து நிற்காதீர்கள். என்னோடு பேச வராதீர்கள். அன்றைக்கு நான் எதிர்த்தரப்பு. முதல் கடிதத்திலேயே நீங்கள் வைத்த பெயர்தான்.

சாதியா


சென்னை
26.6.2006

அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

இது செயலாளருக்கு எழுதுவது அல்ல. அதனால் வக்கீலிடம் காட்டவில்லை.

கமிஷனரின் அறிக்கை கோர்ட்டுக்குப் போய்விட்டது. சுவர் சாயவில்லை என்று எழுதியிருக்கிறார். உங்கள் இன்ஜினியர் வெளிப்பக்கம் மட்டும் நூலில் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, மேலே இடைவெளி இருக்கிறது, சாய்ந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார். அந்தச் சுவரின் வெளிமுகத்தைக் கட்டும்போதே சரித்துத்தான் கட்டினார்கள். கீழே கனம் அதிகம், மேலே போகப் போகக் குறையும். அதனால்தான் அந்தக் காற்றைத் தாங்கி நிற்கிறது. உள்முகம் தூக்குக்குண்டுக்கு நேராக இருக்கிறது. அன்று நீங்களே பார்த்தீர்கள். வெளியே காற்றில் குண்டு கோயில் மணி மாதிரி ஆடியது. உள்ளே அசையாமல் தொங்கியது.

அறிக்கையோடு சேர்த்து ஒன்றைச் சொல்ல வேண்டும். மதுரையிலிருந்து வரவேண்டிய என் உதவியாளர் வரவில்லை. உச்சித் துவாரத்தில் சுவரின் கனத்தை அளக்க வெளியே ஏணி போட வேண்டியிருந்தது. பிடிக்க ஒரு ஆள் வேண்டும் என்று கேட்டேன். உங்கள் கமிட்டியில் அத்தனை பேர் நின்றார்கள், ஒருவரும் அசையவில்லை. நீங்கள் வந்தீர்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தமாஷ் செய்யாமல் ஏணியைப் பிடித்தீர்கள். அதற்கு நன்றி.

அப்போது கமிஷனர் உங்களிடம் ஒன்று கேட்டார். நீங்கள் சொன்ன பதிலுக்கு எல்லாரும் சிரித்தார்கள். அவர் அதைத் தன் குறிப்பில் எழுதவில்லை. நான் எழுதிக்கொண்டேன்.

இனி எனக்குக் கேள்வி எதுவும் இல்லை. பதில் போட வேண்டாம்.

சாதியா


786

உத்தமபாளையம்
5.7.2006

என் மகள் சாதியாவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

பதில் போட வேண்டாம் என்றாய். பரீட்சையில் கேட்ட கேள்விக்கே பதில் எழுதத் தெரியாதவன் நான், கேட்காததற்கு எழுதுகிறேன், பார்.

நீ ஜெயித்துவிட்டாய். இடிப்பதைக் கைவிட்டுவிட்டார்கள். தலைவர் தன் மாடியைச் சயின்ஸ் பிளாக்குக்குப் பின்னால் கட்டப்போகிறார். அங்கே வருசத்தில் நாலு மாசம் கதவுக்குக் கயிறு கட்டட்டும். செயலாளர் பதவியிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். எடுத்தார்கள் என்று சொன்னால் கௌரவமாக இருக்கிறது. நான் உட்காரப் போன நாற்காலியில் ஏற்கனவே வேறு ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். ஆகையால் இனி நீ 'செயலாளர் அவர்களுக்கு' என்று எழுதினால் கடிதம் அவருக்குப் போய்விடும். யோசித்து எழுது.

ஏன் கையெழுத்துப் போட்டேன் என்று ரெண்டு கடிதத்தில் கேட்டாய். அந்த வாசல் வளைவுக் கல்லில் முப்பது பெயர் வெட்டுவதாகப் பேச்சு. தலைவர் சொன்னார், "ராவுத்தரே, ஒங்க பேரும் ஓரமா வரும்." அவ்வளவுதான். அந்தக் கல்லூரி என் பெயரை இதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் எழுதியிருக்கிறது. பியூசி ரிசல்ட் ஒட்டிய பலகையில் பெயில் ஆனவர்கள் வரிசையில், மேலேயிருந்து ரெண்டாவதாக. அதை முழு ஊரும் வாசித்தது. கல்லில் ஒரு தடவை நல்லபடியாக வரட்டுமே என்று ஆசைப்பட்டேன். ஆரம்பித்தவர்கள் பெயரே வேண்டாம் என்று இருந்தார்கள் என்பது நீ எழுதித்தான் எனக்குத் தெரியும். தெரிந்த பிறகும் ஆசை உடனே போய்விடவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

டிபன் கேரியரோடு வரக் கூடாது என்றாய். நான் கொண்டுவரவில்லை. உன் அம்மா கொண்டுவந்தாள். கேட்டுக்கு வெளியே புளிய மரத்தடியில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். நீ பஸ் ஏறிய பிறகு அவளும் நானும் அங்கேயே பிரித்துச் சாப்பிட்டோம். அந்தக் காற்றில் சோற்றில் பாதி மண். "மக எப்பிடி இருக்கா?" என்று கேட்டாள். எளைத்திருக்கிறாள், ஆனால் ஏணியில் பயமில்லாமல் ஏறுகிறாள் என்றேன். ஒரு மாசத்துக்குப் பிறகு அவள் என்னோடு பேசிய முதல் பேச்சு அது.

நீ ஏணியில் இருந்தாய். காற்று அந்தப் பக்கம் எப்படி அடித்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏணி சுவரை விட்டு ஒரு விரற்கடை எழும்பி மறுபடி விழுந்தது. நீ மேலேயிருந்து சத்தம் போட்டாய், "ஏணிய விட்றாதீக அத்தா!" உனக்கே தெரியாமல் வந்த வார்த்தையாக இருக்கும். செயலாளர், செயலாளர் என்றே ரெண்டு மாசம் வாசித்தவன் காதில் அது விழுந்தது. ஏணிக்குத் தோளால் முட்டுக் கொடுத்தேன்.

கமிஷனர் வெளியூர்க்காரர். அவருக்கு நம் வீட்டுச் சமாச்சாரம் எதுவும் தெரியாது. அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் என்னிடம் வந்து, "மனுதாரர் ஒங்களுக்கு என்ன வேணும்?" என்றார். தலைவர் திரும்பிப் பார்த்தார். கமிட்டி முழுவதும் பார்த்தது. எனக்கு உடனே வாயில் வருவது ஒன்றுதானே. "எதிர்த்தரப்புங்க ஐயா" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். தலைவர்கூடச் சிரித்தார், ஒரு மாசமாக என் முகத்தைப் பார்க்காதவர். மேலே டேப் சுருளுகிற சத்தம் கேட்டது. நீ கீழே பார்க்கவில்லை.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் தொண்டை வரை இன்னொன்று வந்தது. கமிஷனர் எதிரில்தான் நின்றார், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு. வாயைத் திறந்தால் போதும். திறக்கவில்லை. ஏணியைத்தான் இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்:

"இது என் மகள் சாதியா. இந்தச் சுவர் நேராக இருக்கிறது என்று அவள் சொன்னால் நேராகத்தான் இருக்கும், எழுதிக்கொள்ளுங்கள்."